நேக்கட் பிரதர்ஸ் பேண்ட்: பாட்டெல்லாம் அந்தப் பசங்களே எழுதியதா?

இரவுப்பறவை:
ஹெரெடிட்டரி என்ற திகில் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல், அதில் பீட்டராக நடித்த அலெக்ஸ் வுல்ஃப் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஓப்பன்ஹைமரில் லூயிஸ் ஆல்வாரெஸாக வந்தவர், சரி. ஆனால் இதே ஆள் சின்னப் பையனாக இருந்தபோது நிக்கலோடியன் என்ற அமெரிக்கக் குழந்தைகள் சேனலில், நேக்கட் பிரதர்ஸ் பேண்ட் தொடரில் டிரம்ஸ் அடித்துக்கொண்டு ராக் ஸ்டாராக வலம் வந்திருக்கிறார், கூடவே அண்ணன் நாட் வுல்ஃபும்! யூடியூபில் சில துண்டுகள்தான் கிடைத்தன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முதலில் வந்தது படமா, தொடரா? அப்புறம், பாட்டுகளைப் பிள்ளைகளே எழுதினார்கள் என்கிறார்களே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்? டிவிக்காரர்கள் யாரையாவது வைத்து எழுதி வாங்கிவிட்டுப் பையன் பெயரைப் போட்டிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம். என் மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள், எட்டு வயது, அவளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று ஆசை, ஆனால் "நேக்கட்", அதாவது நிர்வாணம், என்ற அந்தப் பெயரைப் பார்த்தால்தான் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று இருக்கிறது.

பழைய வாக்மேன்:
படம்தான் முதலில். அம்மா பாலி டிரேப்பர் நடிகை, எண்பதுகளின் கடைசியில் தர்ட்டிசம்திங் என்ற தொடரில் பேர் வாங்கியவர். அவரே எழுதி இயக்கி, தன் இரண்டு பையன்களையும் அவர்களுடைய நிஜ நண்பர்களையும் வைத்து நியூயார்க்கில் எடுத்த படம் அது. பிரபலமான ஒரு ராக் குழுவைப் படக்குழு பின்தொடர்ந்து ஆவணப்படம் எடுப்பதுபோலப் பாவனை, ஆனால் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் பொடிசுகள். உமா தர்மன், ஜூலியன் மூர், சிண்டி லாப்பர் எல்லாம் அவரவராகவே வந்து இவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். 2005-ல் ஹாம்ப்டன்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது. நிக்கலோடியனின் முன்னாள் தலைவர் ஆல்பி ஹெக்ட் இதைப் பார்த்துவிட்டுத்தான் சேனலுக்குக் கொண்டுபோனார். 2007 ஜனவரியில் டிவியில் படம், அடுத்த வாரமே பிப்ரவரியில் தொடர், 2009 வரை ஓடியது.

பெயருக்குப் பயப்பட வேண்டாம். சின்னதில் இரண்டு பேரும் குளித்துவிட்டு அப்படியே வெளியே ஓடிவந்து "நாங்கதான் நேக்கட் பிரதர்ஸ் பேண்ட்" என்று கத்தினார்களாம், அதையே வைத்துவிட்டார்கள். தொடரில் எல்லாரும் ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

தாளக்காரன்:
ப்ரோ, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். அப்பா மைக்கேல் வுல்ஃப் சாதாரண ஆள் இல்லை, ஜாஸ் பியானோக்காரர், சாக்ஸபோன் மேதை கேனன்பால் ஆடர்லியுடன் வாசித்தவர், ஆர்சீனியோ ஹால் டிவி பேட்டி நிகழ்ச்சியில் இசைக்குழுவையே நடத்தியவர். தொடரின் இசைப் பொறுப்பும் அவரிடம்தான். அம்மா இயக்கம், அப்பா இசை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெஸ்ஸியாக வருவது பாலி டிரேப்பரின் தம்பி மகள், ஆக மொத்தம் குடும்பக் கம்பெனி. "வாரிசு" என்று நாம் இங்கே கத்துவதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

இருந்தாலும் பாட்டு விஷயத்தில் நான் நம்புகிறேன். காரணம் பாட்டுதான். க்ரேஸி கார் கேட்டுப் பாருங்கள், தொடரின் தொடக்கப் பாட்டு அது, நாட் குட்டிப் பையனாக இருந்தபோது எழுதியது. பெரியவர் ஒருவர் குழந்தைகளுக்காக எழுதினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், கருத்து இருக்கும், கடைசியில் கை தட்டச் சொல்லும். இது அந்த வகை இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும், நடுவில் காரணமே இல்லாமல் ஒரு சோகம் எட்டிப் பார்க்கும், மெட்டு மட்டும் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்த பையன் என்பதும் தெரிந்துவிடும். ஒலிப்பதிவையும் வாத்திய அமைப்பையும் பெரியவர்கள் மெருகேற்றியிருப்பார்கள், அதில் என்ன சந்தேகம், ஸ்டுடியோ என்றால் அப்படித்தான். நிஜ வாழ்க்கையிலும் நாட் பாலர் பள்ளிக் கூட்டாளிகளோடு சில்வர் போல்டர்ஸ் என்று ஒரு குழு வைத்திருந்தவன்தான். குழுவில் கிதார் வாசித்த காசிம் மிடில்டன் பின்னாளில் 2015 அமெரிக்கன் ஐடல் பாட்டுப் போட்டியில் கடைசி எட்டுப் பேர் வரை போனார், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றவில்லை என்பதற்கு அது போதும்.

நிலா அம்மா:
எட்டு வயதுக்குத் தாராளமாகக் காட்டலாம் தம்பி, ஆனால் முதலில் கூட உட்கார்ந்து பாருங்கள். கதையில் நாட் வுல்ஃபுக்குக் குழுவில் இருக்கும் ரோசலினா மேல் காதல், அவள் அவனைவிடக் கொஞ்சம் மூத்தவள், பாதிப் பாட்டு அவளைப் பற்றித்தான், முத்தம் வாங்கிய பொறாமைக் கதை எல்லாம் வரும். ஆபாசம் கிடையாது. எனக்கு உறுத்தியது வேறு. கதையில் அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இல்லை, இறந்துவிட்டதாக வைத்திருக்கிறார்கள். அப்பா அக்கார்டியனை மாட்டிக்கொண்டு தானும் குழுவில் சேர அலைகிற கோமாளி. நிஜ அம்மா கேமராவுக்குப் பின்னால் நின்று இதை எழுதி இயக்கியிருக்கிறார் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா? அவருக்கு இது புதிதும் இல்லை. கணவருக்கு டூரெட் (தன்னையறியாமல் உடல் துடிப்பதும் சத்தம் வருவதுமான) குறைபாடு உண்டு, அதை வைத்து தி டிக் கோட் என்று ஒரு படம் எழுதி அதில் நடித்தும் இருக்கிறார். வீட்டில் நடப்பதை எடுத்துக் கதையாக்குகிற கை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்டுவேன். பிள்ளைகள் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள், அதனால் படப்பிடிப்பு நாட்கள் குறைவு. சேனல் வருஷத்துக்கு இன்னும் நிறைய எபிசோடுகள் கேட்டது, இவர்கள் மறுத்தார்கள், தொடர் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் குதிரையை நிறுத்த எத்தனை பெற்றோருக்கு மனசு வரும், அதுவும் அமெரிக்க டிவி பணத்தை வைத்துக்கொண்டு.

இரவுப்பறவை:
அக்கா, அம்மா இல்லாத கதை என்பது நல்ல வேளை முன்னாடியே தெரிந்தது, மகள் கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள். இதையும் ஸ்கூல் ஆஃப் ராக் தொடரையும் ஒப்பிட்டால் எது தேவலை? அதுவும் படத்திலிருந்து வந்ததுதானே?

தாளக்காரன்:
ஆமாம், 2003 படத்திலிருந்து, 2016-ல் அதே நிக்கலோடியன். பளபளவென்று இருக்கும், நேரம் போகும், ஆனால் படத்தின் நாயகன் ஜாக் பிளாக் இல்லாத அந்தக் கதை எனக்கு உப்பில்லாத சாம்பார். படத்தையே காட்டிவிடுங்கள், அதில் பிள்ளைகள் நிஜமாகவே வாசிக்கிறார்கள், ஆனால் அதற்கு அமெரிக்காவில் பிஜி-13 (பதின்மூன்றுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்ற) சான்றிதழ், கெட்ட வார்த்தை அங்கங்கே உண்டு. கீபோர்டு கற்கும் குழந்தைக்கு நேக்கட் பிரதர்ஸ்தான் என் ஓட்டு, ஏனென்றால் "நானும் ஒரு பாட்டு எழுதலாமே" என்று அதைப் பார்த்தால்தான் தோன்றும்.

பழைய வாக்மேன்:
நாட் வுல்ஃபையும் தேடிப் பாருங்கள். தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸில் கண் பார்வை போகும் ஐசக், அதன் இந்தி வடிவமான தில் பேச்சாராவில் ஜேபி என்று வருமே, அந்தப் பாத்திரம். டெத் நோட் படத்தைத் தவிர்த்துவிடுங்கள், அனிமே பார்த்த யாருக்கும் அது நல்லதில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் இன்னமும் சேர்ந்து பாட்டு போடுகிறார்கள், 2011-ல் வந்த பிளாக் ஷீப் ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.