காசல்ரீ டேமில் இறங்கும் தண்ணி பிளேன்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட் பக்கத்து ஆட்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பேப்பரில் கடல் விமானம் என்று போடுவார்கள்; எங்கள் தோட்டத்தில் தண்ணி பிளேன்தான். செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம். கீழே இரண்டு நீள மிதவைகள், அதற்குள்ளேயே மடங்கும் சக்கரங்கள். தார் ஓடுபாதையில் கிளம்பி தண்ணீரில் இறங்க இந்த ஏற்பாடு.

நான் பார்த்த அன்று காற்றே இல்லை. சத்தம் கேட்டதும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிளேன் தாழப் பறந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வயிறு கலங்கும். 1974 டிசம்பர் 4 அன்று இங்கே பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மார்ட்டினேர் என்ற டச்சு நிறுவனத்தின் விமானம் மோதி 191 பேர் செத்துப்போனார்களே, அந்த நினைப்பு.

வந்தது ஒரு வட்டம் போட்டது. இறங்காமல் இன்னொரு வட்டம்.

“தண்ணி அசையாம கெடக்கு தம்பி, அதான் யோசிக்கிறாரு,” என்றார் பக்கத்தில் நின்ற படகுக்கார அண்ணன்.

விசாரித்தால் விஷயம் அதுதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தால் வானமும் மலையும் அதற்குள் தெரியும். தண்ணீர் மட்டம் எங்கே என்று பைலட்டின் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் கரையை அளவாக வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல், மெதுவாக ஒரே சீராக இறக்கிக்கொண்டே வருவார்கள். சிற்றலை அடித்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. கடைசியில் மிதவை உரசி வெள்ளைக் கோடு கிழித்தது. தண்ணீரில் பிரேக் ஏது? தண்ணீரே இழுத்து நிறுத்தியது. ஒரு பையன் மிதவையில் இறங்கிக் கயிறு வீசினான்.

—

பதில்: நானும் மலையகம்தான் அண்ணே, இப்போது தெற்குக் கடலோரக் கொக்கலையில் ஹோட்டல் வேலை. இங்குள்ள களப்புதான் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கட்டலீனா என்ற நீர் விமானங்களுக்குத் தளம். 1942 ஏப்ரல் 4 அன்று இங்கிருந்து போன கனடா விமானி பேர்ச்சல் ஜப்பான் கப்பற்படையைக் கண்டு வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள்தான் கொழும்பில் குண்டு விழுந்தது. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் இதே களப்புக்கும் அங்குள்ள பேர்த் நகருக்கும் இடையே நிற்காமல் பறந்தது. ஒரு பயணம் 27 மணி நேரத்துக்கும் மேலே. சூரியன் உதிப்பதை இரண்டு தடவை பார்ப்பார்களாம்!

—

நன்றி தம்பி. போர் முடிந்ததும் எங்கு பார்த்தாலும் நீண்ட ஓடுபாதை வந்தது, பெரிய நீர் விமானங்களுக்கு வேலை போயிற்று. நம் மலையில் ஓடுபாதை போட சமதரை எங்கே இருக்கிறது? டேம்தான் இருக்கிறது. அதனால்தான் இங்கே இன்னும் பிழைக்கிறது. ஆனால் உல்லாசப் பயணிகளுக்கு மட்டும். ஹட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை அவசரமாகக் கொழும்புக்கு ஏற்றிப்போக ஒன்று நின்றால் எவ்வளவு உதவி.

பார்க்க வருகிறவர்களுக்கு: தினமும் வராது. மழைக்காலத்தில் முகில் இறங்கிவிட்டால் காத்திருக்காதீர்கள், கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். நுவரெலியா கிரகரி வாவியிலோ கண்டிப் பக்கத்துப் பொல்கொல்லையிலோ பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.