ஐயாவோட கடிதங்களை எப்படிப் பாதுகாக்கிறது?

கேள்வி (தேவகோட்டை):
எங்க ஐயா தமிழ்ப் புலவர், போன மாசிலதான் தவறிட்டாக. இரண்டாங்கட்டுல ஒரு டிரங்குப் பொட்டி நிறைய அவுகளுக்கு மத்த புலவர்கள் எழுதின கடிதம், கார்டும் இன்லண்டுமா, சிலதுல ஓரம் முழுக்க ஐயாவோட பென்சில் குறிப்பு, குண்டூசி துருப்பிடிச்சு தாளோட ஒட்டிக்கிச்சு. வீட்டை வித்துரலாம்னு பங்காளிக சொல்றாக, அதுக்குள்ள நான் என்ன செய்யணும்?

பதில் 1:
தம்பி, லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, செல்லோடேப்பும் வேணாம், அந்தப் பசை மஞ்சளாகித் தாளையே கெடுத்துரும். குண்டூசியை வெடுக்குனு இழுக்காம மெல்லத் தளர்த்தி எடுங்க. கவரைத் தூக்கிப் போடாதீங்க, தேதி போடாத கடிதத்துக்கு தபால் முத்திரைதான் சாட்சி. பொட்டியில இருந்த வரிசையைக் கலைக்காம போட்டோ எடுத்துட்டு அப்புறம் ஸ்கேன் பண்ணுங்க, ஐயா அடுக்கினதுல ஒரு காரணம் இருக்கும்.

பதில் 2:
பொட்டியில இருக்கிறது பாதிதான். ஐயா எழுதினதெல்லாம் அந்தப் புலவர்கள் வீட்டுலல்ல கெடக்கும், கவர்ல உள்ள விலாசத்துக்கெல்லாம் எழுதிக் கேளுங்க, பேரப்புள்ளைக யாராச்சும் எடுத்து வச்சிருப்பாக. அச்சுல போடறதா இருந்தா உரிமை கடிதம் எழுதினவருக்குத்தான், அவர் காலத்துக்கு அப்புறம் வாரிசுகளுக்கு, அனுமதி வாங்கிக்கங்க.

பதில் 3:
நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களை, அவுக 1992ல மறைஞ்ச பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலயே 1994ல நூலகமா ஆக்குனாக. ஐயாவோட கடிதங்களை வச்சுப் பாதுகாப்பாகளானு அங்க பேசிப் பாருங்க. வீட்டு விஷயம் எப்படியோ போகட்டும், பொட்டியை இன்னைக்கே உங்க பொறுப்புல எடுத்துக்கங்க.