பீன்யா போல்ட் பட்டறைக்கு கார்பன் கணக்கு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். பீன்யாவில் போல்ட், ஸ்க்ரூ செய்யும் சிறு நிறுவனத்தில் ஏற்றுமதி வேலையைப் பார்க்கிறேன். ஜெர்மனியிலிருந்து முதல் ஆர்டர் கைகூடி வரும் நேரத்தில், வாங்குபவர் கார்பன் விவரம், அதாவது போல்ட் தயாரிப்பில் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்ற கணக்கு கேட்கிறார். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்களுக்குத்தானே கட்டாயம், நமக்கு எதற்கு என்கிறார் முதலாளி. ஆனால் இறக்குமதிப் பொருளின் கார்பனுக்குக் கட்டணம் போடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சிபாம் (CBAM) விதி 2026 ஜனவரி 1 முதல் முழுதாக நடப்புக்கு வந்துவிட்டது, இரும்பு போல்ட்டும் அதில் அடக்கம். ஆண்டுக்கு இந்த விதிக்கு உட்பட்ட பொருட்களை மொத்தம் 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவருக்கு விலக்கு உண்டு. எங்களிடம் வாங்குபவர் அதைத் தாண்டுகிறவர். சரிபார்த்த கணக்கு இல்லையென்றால் ஐரோப்பிய ஒன்றியமே நிர்ணயித்த கார்பன் மதிப்பைப் போடுவார்கள், வாங்குபவருக்குச் செலவு ஏறும்.

போல்ட்டின் கார்பனில் பெரும்பங்கு எங்கள் பட்டறையில் உருவாவதில்லை, வாங்கும் கம்பியிலேயே வந்துவிடுகிறது. ஊது உலை இரும்பா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்பதைப் பொறுத்து கணக்கே மாறிவிடும். கம்பி விற்கும் டீலரோ மில் சர்டிபிகேட்டை (ஆலை தரும் தரச் சான்றிதழை) தாண்டி எதுவும் தருவதில்லை.

ஆலையிடமிருந்து இந்த விவரத்தை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? யாரிடம், எப்படிக் கேட்டீர்கள்? அப்புறம், சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஓசூர், கோவைப் பக்கம் என்றாலும் சரி, நேரில் வந்து பார்க்கிறேன்.