ஹால் ஏசியும் ஞாயித்துக்கிழமை வளைகாப்பும்

குழு: மேலவீட்டுக் குடும்பம்
வியாழக்கிழமை

ஜோதி: ஹால் ஏசில காத்துதான் வருது. குளிரே இல்ல. ஞாயித்துக்கிழமை 80 பேர் வாராவ. கத்திரி வெயிலு வேற. நல்ல மெக்கானிக் யாருக்காவது தெரியுமா

வசந்தா: ஐயோ

முருகன்: நான் எடுத்துக் குடுத்ததா அக்கா

ஜோதி: ஆமா முருகா. ஒருத்தனுக்கு போன் போட்டேன். வந்து பாக்காமலே கேஸ் போயிருக்கும், 3500 ஆகும்ங்கான்

வசந்தா: அஞ்சு வகை சோறா ஏழு வகையா மைனி? சமையக்காரர் கேக்காரு

ஜோதி: ஏழு

சங்கரன்: மைனி, கேஸ் போடச் சொல்லிராதீங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருற சாமான் இல்ல. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுற இடத்த அடைக்காம மேல மேல போட்டா அடுத்த மாசமும் 3500தான். மொதல்ல வெளிப்பெட்டியப் பாருங்க. ஃபேன் சுத்துதா, கம்ப்ரசர் ஓடுற சத்தம் கேக்கா? ரெண்டையும் தனித்தனியாப் பாத்துச் சொல்லணும். கார்த்தி எங்க?

கார்த்தி: மாடில இருக்கேன் சித்தப்பா. எறங்கிப் போய்ப் பாக்கேன்

கவிதா: சித்தப்பா நீங்க ஞாயித்துக்கிழமை வாரீங்கல்ல?

கார்த்தி: ஃபேன் சுத்தல. உம்ம்ம்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு டக்குனு நின்னுட்டு

சங்கரன்: அப்ப கேஸ் இல்ல. கேஸ் குறைஞ்சா ஃபேனும் ஓடும், கம்ப்ரசரும் ஓடும். வெளிப்பெட்டி வால்வுல சின்னக் குழாய் இருக்குல்ல, அதுல ஐஸ் படியும். நட்டு பக்கத்துல எண்ணெய்க் கசிவு இருக்கும். உனக்கு ஃபேன் நின்னுருக்கு. சூடு வெளிய போக வழியில்ல. கம்ப்ரசர் கொதிச்சு, உள்ள இருக்க ஓவர்லோடு சுவிட்ச் அதக் காப்பாத்துறதுக்காக ட்ரிப் ஆகுது. அந்த டக்கு சத்தம் அதுதான். ஆறுன பொறவு திரும்ப ஓடும், திரும்ப நிக்கும்.

முருகன்: சவுதி தம்மாமுல 19 வருசம் ஏசி வேலைன்னா சும்மாவா

கார்த்தி: குச்சிய விட்டுத் தள்ளுனேன். சுத்துது சித்தப்பா!!

சங்கரன்: ஏலே கைய எடு. ஓடும்போது குச்சிய உள்ள விடக்கூடாது, ரெக்க ஒடஞ்சு மூஞ்சில அடிக்கும். ஏசி எம்சிபி சுவிட்ச ஆஃப் பண்ணு.

ஜோதி: கார்த்தி தள்ளி வா

கார்த்தி: ஆஃப் பண்ணிட்டேன்

சங்கரன்: தள்ளிவிட்டதும் சுத்துதுன்னா மோட்டார் பேரிங் இறுகல. பெரும்பாலும் ஃபேன் கண்டன்சர்தான், மோட்டாரச் சுத்த வைக்கிற கெப்பாசிட்டர். கம்ப்ரசருக்கு 40, 50 எம்எஃப்டின்னு (அதுதான் கண்டன்சர் அளவு) பெருசா ஒண்ணு இருக்கும், ஃபேனுக்கு சின்னதா ஒண்ணு. நீ மூடியத் திறக்காத. கரண்டு ஆஃப் பண்ணாலும் கண்டன்சர் சார்ஜ வச்சிருக்கும். தொட்டா தூக்கி எறியும். எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு சார்ஜ எடுத்துட்டுத் தொடச் சொல்லு. இன்வெர்ட்டர் ஏசி இல்லல்ல?

முருகன்: இல்ல அத்தான், சாதா 1.5 டன்

வசந்தா: கண்ணாடி வளையல் எத்தன டஜன் வாங்கட்டும்? கவி கைக்கு 2.4 சேருமா

கவிதா: கை வீங்கியிருக்கு அத்தை. 2.6

கார்த்தி: கீழவீட்டு அண்ணன் திறந்துட்டாவ. படம் அனுப்புறேன்

கார்த்தி: 📷 படம்

சங்கரன்: பாத்தியா. கறுப்புப் பொட்டி ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பியிருக்கு. எழுதியிருக்கதப் படி.

கார்த்தி: 2.5 எம்எஃப்டி 440

சங்கரன்: அதே 2.5, அதே 440 வோல்ட்டு வாங்கு. கடைக்காரன் 4 இருக்கு போட்டுக்கோம்பான், வாங்காத. மோட்டார் சூடாகிக் கருகிரும். விலை நூறு ரூபா பக்கந்தான் இருக்கும். பெரிய கண்டன்சரையும் மீட்டர்ல பாக்கச் சொல்லு. 50ன்னு போட்டிருந்தா 47.5க்குக் கீழ காட்டக்கூடாது.

முருகன்: 3500 எங்க, நூறு எங்க

ஜோதி: நல்லா இருப்பீங்க தம்பி

சங்கரன்: இருங்க மைனி. படத்துல இன்னொண்ணு தெரியுது. பின்னால காயில் தகடெல்லாம் வெள்ளையா பூத்திருக்கு. கார்த்தி, விரல வச்சுப் பாரு.

கார்த்தி: உதிருது. மாவு மாதிரி. புறா இறகும் ஒட்டியிருக்கு

சங்கரன்: தூத்துக்குடி உப்புக்காத்து. அலுமினியத் தகட அரிச்சிருக்கு. இறக எடுத்துட்டு, நல்ல தண்ணிய மெதுவா ஊத்திக் கழுவு. அழுத்தி அடிச்சா தகடு மடங்கிரும். கண்டன்சர் பக்கம் தண்ணி படாம பாத்துக்கோ.
ஆனா கண்டன்சர் மாத்துனாலும் இது திரும்ப வரும். அந்தப் பெட்டி ரெண்டு சுவருக்கு நடுவுல, ரெண்டடிச் சந்துல நிக்குது. வெளிய தள்ளுன சூட்டுக் காத்தையே திரும்ப இழுக்குது. 2018ல பால் காய்ச்சும்போதே சொன்னேன், மொட்டமாடில நிழல்ல வைங்கன்னு. யாரு கேட்டா

வசந்தா: சின்னண்ணே விடு

சங்கரன்: விட்டுட்டேன் வசந்தா. பத்திரிகைல பேரு இல்லாமப் போனதையும் விட்டுட்டேன்.

ஜோதி: தம்பி அது பிரஸ்காரன் விட்டது

முருகன்: இப்ப எதுக்கு அத்தான் அதெல்லாம்

வசந்தா: 2.6ல பச்சை இருக்கு, சிவப்பு பாதிதான் இருக்கு. பச்சையே எடுத்துரவா? 📷 படம்

கவிதா: ரெண்டும் கலந்து எடுங்க அத்தை

ராமசாமி: இப்பத்தான் பாத்தேன். மாடிக்கு ஏத்தணும்னா பைப்பு வாங்கணுமே

சங்கரன்: ஆமாண்ணே. 12 அடி கூட வரும். கேஸ வெளிய விடாம பெட்டிக்குள்ளயே இழுத்துப் பூட்டிட்டுத்தான் பைப்பக் கழட்டணும். முடிச்சுட்டு வேக்கம் போடணும், குழாய்க்குள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கதுக்கு. தெரிஞ்சவன் செஞ்சாத்தான் சரி.

ராமசாமி: விசேசம் கழியட்டும்

சங்கரன்: வெயில் கழிஞ்சிரும்ணே

கார்த்தி: கண்டன்சர் கிடைச்சிட்டு. அண்ணன் மாட்டுதாவ

கார்த்தி: ஃபேன் சுத்துது 🙏🙏

ஜோதி: அப்பாடா

சங்கரன்: அரை மணி நேரம் ஓட விட்டு, உள்ள வர காத்தையும் ரூம் காத்தையும் தெர்மாமீட்டர்ல பாத்துச் சொல்லு. பத்து டிகிரி வித்தியாசம் இருக்கணும்.

கார்த்தி: காய்ச்சல் பாக்கதுதான் இருக்கு

சங்கரன்: அது ஆகாது. நான் எங்கிட்ட இருக்கதக் கொண்டு வாரேன். கரண்டு அளக்குற கிளாம்ப் மீட்டரும் எடுத்துட்டு வாரேன்.

ராமசாமி: சனிக்கிழமையே வா. வெள்ளனே

சங்கரன்: எத்தன மணிக்கு

வசந்தா: மைனி, ஏழு வகைல எலுமிச்சை உண்டா? சமையக்காரர் லைன்ல நிக்காரு