நெத்திலியும் ஒட்டும் பட்டையும்

மகளுக்கு அப்போது நாலரை வயது. பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் ஒரு மழை நாள், கடற்கொள்ளைக்காரன் விளையாட்டு. கைக்குட்டையால் அவள் இடது கண்ணைக் கட்டிவிட்டு ஆறடி தள்ளி உட்கார்ந்தேன். "அப்பா, உங்க மூக்கைக் காணோம்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் வலது கண்ணைக் கட்டிப் பார்த்தேன். மூக்கு வந்துவிட்டது.

அதுவரை துளி சந்தேகம்கூட இல்லை. மாறுகண் கிடையாது, டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்க மாட்டாள். ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை அதை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்துவிடும், பிள்ளைக்கே தெரியாது. மறுநாள் போன கண்ணாடிக் கடையில், "விளையாட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். நல்லவேளை, நாங்கள் கேட்கவில்லை.

மருத்துவமனையில் எழுத்துக்குப் பதில் ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் காட்டினார்கள். இடது கண் 6/9, வலது 6/36. அதாவது நல்ல கண் 36 மீட்டரில் பார்ப்பதை வலது கண் 6 மீட்டரில்தான் பார்க்கும்; கீழ் எண் குறையக் குறைய நல்லது. பாவை விரியச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் வலது கண்ணில் +5 பவர், அதாவது தூரப்பார்வை. வெளியே வந்ததும் வெயில் தாங்காமல் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மங்கலாகவே படம் வந்ததால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது, இதுதான் சோம்பேறிக் கண் என்றார் மருத்துவர்.

முதல் நான்கு மாதம் கண்ணாடி மட்டும்தான். அதிலேயே 6/24 வந்தது. அதன் பிறகுதான் நல்ல கண்ணை மூடும் பட்டை, தினம் இரண்டு மணி நேரம். நாள் முழுக்க ஒட்டினால் சீக்கிரம் சரியாகாதா என்று கேட்டேன். இந்த அளவு குறைக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் என்று 2003-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்திருக்கிறதாம்.

சொல்வது சுலபம். பினாங்கு வேர்வையில் பட்டை பாதியில் கழன்றுவிடும், கழலாவிட்டால் அவளே பிய்த்துவிடுவாள். முதல் வாரம் கதவில் நான்கு, பூனை மேல் ஒன்று. கடைசியில் என் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். சம்பலுக்கு நெத்திலித் தலை கிள்ளும் வேலையை முறத்தோடு அவள் மடியில் வைத்தார். கிட்டத்தில் உற்றுப் பார்க்கும் வேலை, பட்டையை மறந்தே போனாள். ஆனால் தலைக்குப் பதில் வாலைக் கிள்ளினாள். ஒரு மாதம் எங்கள் சம்பலில் கண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவது மாதம் வாலோடு வந்தது.

இதில் சொந்தக்காரர்கள் வேறு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில், "பொம்பளப் பிள்ளைக்கு இப்படியாம்மா" என்றார் ஓர் அத்தை, அவள் காதுபடவே. அன்று பிய்த்த பட்டையை மறுபடி ஒட்ட மூன்று நாள் ஆனது. அதிலிருந்து மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, வீட்டில் மட்டும். கழற்றும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் எரியாது.

இப்போது 6/12. பட்டையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நாலில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி இறங்கும் என்று எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் பாலர் பள்ளி தொடங்கியதிலிருந்து அவளுக்கு முறமும் அலுத்துவிட்டது. பட்டைக்குப் பதில் நல்ல கண்ணுக்கு வார இறுதியில் அட்ரோபின் சொட்டு போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்; பாவையை விரித்து அந்தக் கண்ணை மங்கலாக்கும் மருந்து அது. அடுத்த மாதம் முடிவு சொல்ல வேண்டும். போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், திங்கட்கிழமை வெயிலில் பிள்ளையை எப்படிப் பள்ளிக்கு அனுப்பினீர்கள்?