பட்டறை பில்லைக் கூட்டினால் அதுதான் காரின் மதிப்பா?

பழைய இரும்பு:
முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த 1960-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஜாகுவார் ஈ-டைப் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பட்டறை பில் அத்தனையையும் கூட்டி, மேலே லாபமும் வைத்து விலை சொல்கிறார்கள். அதே மாடல், ஓடும் நிலையில், இதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. செலவழித்தவர் ஆசைக்குச் செலவழித்தார். அதை நான் ஏன் தலையில் சுமக்க வேண்டும்?

ஸ்பானர் கை:
குறைவாகக் கிடைக்கிறதே, அதன் முன்பக்கக் குழாய்ச் சட்டத்தைப் பார்த்தீர்களா? ஈ-டைப்பில் இன்ஜின் உட்கார்ந்திருப்பது அதில்தான். குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். அந்த வேலையை இன்று செய்யாத காருக்கு நாளை நீங்கள் பில் கட்டுவீர்கள். அவ்வளவு நீள பானெட்டை நாலு பக்கமும் ஒரே இடைவெளியில் உட்கார வைப்பதும் ஒரு மதியத்தில் முடிகிற காரியமல்ல.

பழைய இரும்பு:
சட்டத்துக்குக் கொடுக்கிறேன் சார், மறுக்கவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது எடுத்த படங்கள் வேண்டும். பில்லில் "பாடி வேலை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் புதுத் தகடா, பள்ளத்தை நிரப்பிய பட்டியா, யாருக்குத் தெரியும்? பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஆயிரம் மைக்ரானைத் தாண்டினால், அடியில் பட்டிதான் என்று நான் கிளம்பிவிடுவேன்.

ஸ்பானர் கை:
அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். அந்தக் காரில் சில இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே ஈயம் வைத்து மூடினார்கள். அங்கே எண் எகிறினால் அது மோசடி இல்லை.

கீறல் பிரியன்:
நீங்கள் இருவரும் தப்பான காரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். புதுப்பிக்காததற்குத்தான் மதிப்பு. 2015-ல் பாரிஸ் ஏலத்தில் பய்யோன் என்ற பிரெஞ்சுக் குடும்பத்தின் பழைய கார் சேகரிப்பிலிருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் தூசியோடு வந்து 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. கொட்டகையில் அதன் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம்! முதல் பெயின்ட் ஒரு தடவைதான் இருக்கும்.

ஸ்பானர் கை:
அது பிரெஞ்சு நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த கார், அபூர்வ மாடல் வேறு. ஈ-டைப் 70,000-க்கு மேல் செய்தார்கள். ஓட்டையான தளத்துக்குத் தூசியைக் காட்டி யார் பணம் தருவார்கள்?

இன்னொன்று. பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 இரண்டு வருடமும் ஜெயித்த பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' நினைவிருக்கிறதா? 1932-ல் இங்கிலாந்தின் ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு பாடியே மாறியது. பழைய பாகம் சொற்பம். இது அந்தக் காரே இல்லை என்று வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள் பின்வாங்க, 1 கோடி பவுண்டு வழக்கு லண்டன் நீதிமன்றம் போனது. வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது, அதனால் அதே கார்தான் என்று 1990-ல் தீர்ப்பு. பாகம் மாறினால் மதிப்பு போச்சு என்பவர்கள் கவனிக்கவும்.

பழைய இரும்பு:
அந்தத் தீர்ப்பு என் பக்கம்தானே பேசுகிறது? அங்கே விலை பந்தய வரலாற்றுக்கு, பட்டறை மணிக்கணக்குக்கு இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம்: இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள், தொழிற்சாலைப் பதிவைச் சொல்லும் ஜாகுவார் பாரம்பரியச் சான்றிதழோடு பொருந்த வேண்டும். இன்ஜின் மாறியிருந்தால் விலையில் பெரிய வெட்டு.

ஸ்பானர் கை:
தாராளமாக வெட்டுங்கள். ஆனால் எண் பொருந்துகிற காரின் கீழே ஒரு தடவை படுத்துப் பாருங்கள். தகட்டை யார் பற்றவைத்தார், எப்படிப் பற்றவைத்தார் என்று எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்காது.

கீறல் பிரியன்:
பற்றவைக்காத கார் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.