‘அட்டவணையிடல்’ வேண்டாம், ‘முறைவைப்பு’ என்று வைத்துக்கொள்வோமா?

வணக்கம்.

செல்பேசி வலையமைப்பில் வரும் ஷெட்யூலிங்குக்கு (scheduling, அதாவது கோபுரம் எந்தப் பயனருக்கு எப்போது தரவு அனுப்புவது என்று முடிவு செய்வது) தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில், ‘அட்டவணையிடல்’ என்றே போட்டுவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அட்டவணை என்பது முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது, பள்ளிக்கூடத்துப் பாடவேளை மாதிரி. கோபுரத்தில் நடப்பது வேறு. எல்டிஇ-யில் (4ஜி) 1 மில்லிநொடிக்கு ஒரு தடவை, அந்தக் கணத்தில் யாருக்கு சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அடுத்து யாருக்குத் தரவு போக வேண்டும் என்பதைப் புதிதாக முடிவு செய்கிறார்கள்.

‘முறைவைப்பு’ என் கண்டுபிடிப்பு இல்லை. பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பேராவூரணித் தம்பிக்கு, சாப்பாட்டு மேசையில் காகிதக் கைக்குட்டை ஒன்றை விரித்துப் படம் போட்டுக் காட்டினேன். கோபுரத்தின் அடியில் இருப்பவருக்கே அள்ளிக் கொடுத்தால் மொத்த வேகம் கூடும், ஆனால் ஓரத்தில் இருப்பவர் காய்ந்துபோவார் என்றேன். “அப்ப இவரு தலைமடை, அவரு கடைமடை. முறை வச்சுத்தானேண்ணே விடணும்?” என்றான். கல்லணைக் கால்வாயின் கோடியில் வளர்ந்தவன். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதிதான் ‘நியாயம்’. ஆளுக்கு ஒரு தடவை என்று வரிசையாகக் கொடுப்பது சுழல்முறை. அதில் எல்லாருக்கும் நேரம் சமம், ஆனால் சிக்னல் விழுந்து கிடக்கும்போதும் முறை வந்து வீணாகப் போகும். விகித நியாயம் (proportional fair) என்ற இன்னொரு வழியில், இப்போது ஒருவருக்கு எவ்வளவு வேகம் முடியும் என்பதை அவர் இதுவரை சராசரியாகப் பெற்றதால் வகுக்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு இப்போது நொடிக்கு 40 மெகாபிட் முடியும், சராசரி 20, விகிதம் 2. ஓரத்தில் இருப்பவருக்கு 3 தான் முடியும், ஆனால் சராசரி 1, விகிதம் 3. முறை ஓரத்தில் இருப்பவருக்கே. அவரவர் சிக்னல் அவரவர் அளவில் ஏறி நிற்கும் நேரம் பார்த்துக் கொடுப்பதால் மொத்த வேகமும் பெரிதாக அடிபடாது. (வாய்க்கால் உவமை இதற்குமேல் வராது, மடைக்கு மில்லிநொடிக் கணக்கெல்லாம் கிடையாது.) 1997இல் பிராங்க் கெல்லி என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் இந்த விகித நியாயத்தைப் பொதுவான வலையமைப்புகளுக்காகக் கணிதமாக எழுதினார். இந்த நியாயத்தில் எல்லாருக்கும் ஒரே வேகம் என்று பொருள் இல்லை, அதனால் ‘சமமான’, ‘சமநிலை’ என்ற சொற்களை இதில் கலக்கவே வேண்டாம், பொருள் கெட்டுவிடும்.

‘முறை’ என்றால் வழிமுறை என்றும் பொருள் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரும்தான். ஆனால் ‘வை’ சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது, குழாயடியில் “முறை வச்சிருக்கோம்” என்றால் யாரும் வழிமுறை என்று நினைப்பதில்லை. வினையாகவும் நன்றாக ஓடும்: முறைவைக்கிறது, முறைவைத்த, முறைவைக்காமல். ‘அட்டவணையிடுகிறது’ என்று பத்துத் தடவை எழுதிப் பாருங்கள், கை வலிக்கும்.

அப்படியானால் ‘விகித நியாய முறைவைப்பு’. முறைவைக்கும் வேலையைச் செய்யும் ஷெட்யூலருக்கு ‘முறைவைப்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், உலாவி, செயலி வரிசையில் உட்காரும் என்பதால். ‘முறைவைப்பான்’ நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், மாற்றத் தயார்.